இரவல் மாடு

— இன்னாய்யா இது, வாசல்ல மாடு கட்டிக்கீது? யாருது?

— மெதுவா பேசு சோபியா. கம்பெனில இருந்து வுட்டுட்டுப் போனாங்க.

— கார் பார்ட்ஸ் பண்ற கம்பெனில ஏதுய்யா மாடு?

— திருமுக்கூடல்ல யார்கிட்டயோ இரவல் வாங்கிக்கினு, குட்டியானை வண்டில ஏத்தியாந்தாங்க. கூடவே அதோ, புல்லு நறுக்குற மெஷினு.

— கர்த்தாவே! நமக்கு எதுக்கு அதெல்லாம்?

— யாரோ புகார் பண்ணிட்டாங்களாம். நாளைக்கு சர்க்கார் ஆபீசர் என் கையப் பாக்க வர்றாரு. வெரலு ரெண்டும் பிரஸ் மெஷின்ல போவல, வூட்ல புல்லு நறுக்கசொல்ல போச்சுன்னு சொல்லணுமாம்.

— எதுக்கு அப்பிடி ஒரு பொய்யி?

— விபத்தே இல்லாத வருசம்னு காமிச்சாதான் பெரிய சாருக்கு போனஸ்.

— உன் வெரலு போயிட்டு அவுருக்கு போனசா? இது இன்னா நாயம் ஆல்வினு? அவுரு அப்பிடி இன்னாதான் கியிச்சாரு?

— கை உள்ள போனா மெஷினு தானா நிக்கறதுக்கு சென்சார் கீது இல்ல? அத்த ஆஃப் பண்ணச் சொன்னதே அவுருதான். உருப்படி ஜாஸ்தியா வந்துச்சு. அதுக்கும் போன வருசம் போனஸ் வாங்கினாரு.

— பாவி! நமக்கு தீவாளிக்கு ஒரு மிச்சர் பொட்டலம்.

— அதான் ஆபீசர்கிட்ட உள்ளத சொல்லிடலாமான்னு...

— வோணாய்யா! இந்தக் கைய வெச்சுக்கினு இருக்கிற உனுக்கு எவன் வேல குடுப்பான்? என் தம்பி சாமுவேலும் அங்கதான் கீறான், அவனையும் தொரத்திடுவாங்க. பொய்யே சொல்லு, ஆண்டவரு மன்னிப்பாரு.

— பால் கறந்து காட்டுன்னு ஆபீசர் கேட்டா?

— நான் கறக்கறேன். மாட்டுக்குப் பேரு கூட வெச்சுடறேன். நீ வாயத் தொறக்காத.

— சோபியா... சாமுவேலு எங்க?

— ரெண்டாவது ஷிப்டு. உத்தரமேரூர்ல கம்பெனி பஸ் ஏறிட்டான். ஏன்யா மூஞ்சி அப்பிடிப் போவுது?

— இப்பதான் சூப்பர்வைசர் சுகுமாரு போன் பண்ணாரு. என் மெஷினு சும்மா கெடக்கக் கூடாதாம். இன்னிக்கிலருந்து சாமுவேல அதுல போட்டுக்கீறாங்க.

— சென்சாரு?

— ஆஃப்லதான் கீது.

— ஐயோ, அவனுக்கு போன் போடுய்யா!

— உள்ள போனு எடுத்துக்கினு போவ வுட மாட்டாங்களே...

— வண்டிச் சாவியக் குடு. கேட்டாண்ட போயி நானே கத்தறேன். நீ எந்திரி, மொதல்ல அந்த மாட்ட அவுத்து வுடு.