தபால்காரர் மகளின் மேலுதடு

டீக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, என் தங்கையும் இப்படித்தான் போடுவாள். நீங்கள் அவளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். ஆனால் சிலையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் அருங்காட்சியகம் ஒரே ஓர் எழுத்தாளருக்கானது. அவருடைய மூக்குக்கண்ணாடி, மேஜை, கோட்டு, கடிதங்கள். இரண்டாவது அறையில் ஜன்னலோரம் ஒரு சாண் உயரமுள்ள, பிளாஸ்டரில் செய்த மார்பளவுச் சிலை. அவர் நாவலில் வரும் தபால்காரர் மகள். ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவரின் மகளுக்கு ஒரு கடிதமும் வராது. கடைசிப் பக்கத்தில் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், நாவல் முடிந்துவிடும். சிற்பி அந்த நொடியைப் பிடித்திருந்தார். மேலுதடு ஒரு நூல் அளவு தூக்கியிருக்கும்.

இருபத்திரண்டு வருடம், தினமும் காலையில், உலர்ந்த தூரிகையால் அவளுக்குத் தூசி தட்டியவன் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் வாயைத் திறந்து சொன்னால் என்னிடம்தான் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். மனிதனுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது.

தங்கை புருஷனை இழந்து நின்றபோது நான்தான் இங்கே துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்தேன். நல்லவள். வாய்தான் சும்மா இருக்காது. "உன் மக இன்னைக்கு என்ன சொல்றா?" என்று கேலி செய்வாள். போன மாதம் காய்ச்சலில் நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது வாசலிலேயே முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"அண்ணா, உன் மகளைக் குளிப்பாட்டி விட்டிருக்கேன். போய்ப் பாரு, பளிச்சுனு இருக்கா."

பிளாஸ்டரில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் மேற்புறம் மாவாகக் கரையும். அவள் ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்திருந்தாள். மூக்கு, கன்னமெல்லாம் தப்பித்துவிட்டன. மேலுதடு மட்டும் வழுவழுவென்று கீழுதட்டோடு ஒன்றாகிவிட்டது. இனி அவள் எதுவும் சொல்லப்போவதில்லை.

விஷயம் தெரிந்ததும் தங்கை அழுதாள். "தெரியாம பண்ணிட்டேண்ணா" என்றாள். போகட்டும் விடு என்றேன். எனக்குக் கோபமே இல்லை ஐயா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பாளரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "முன்னாடியும் இப்படித்தானேப்பா இருந்துச்சு?" என்றார். பதினோரு நாள், வந்துபோகிறவர்களைக் கவனித்துக்கொண்டு நின்றேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் வாயெடுத்ததற்கு உலகத்தில் நான் ஒருவன்தான் சாட்சி என்றாகிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்.

கீழ்த்தளத்தில் பூச்சி அறை என்று ஒன்று இருக்கிறது. பழைய மரச்சாமான்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை உள்ளே வைத்து, இரும்புக் கதவை வெளியிலிருந்து இறுக்கிவிட்டு மருந்துப் புகையைத் திறந்துவிடுவோம். அது என் பொறுப்பு. வியாழக்கிழமை மதியம் எழுத்தாளரின் அலமாரியின் முறை. பின்பக்கம் தூசியாக இருக்கிறது, துடைத்துவிடு என்று தங்கையிடம் சொன்னேன்.

"காய்ஞ்ச துணிதானேண்ணா?"

"ஆமா."

கற்றுக்கொண்டிருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. அவள் அலமாரிக்குப் பின்னால் போனதும் கதவை இறுக்கினேன்.

மருந்தைத் திறக்கும் முன், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. கொடுத்தேன். முதல் முறை, "நான்தாண்ணா இருக்கேன்" என்றாள். இரண்டாம் முறை, "விளையாடாதே, கதவைத் திற" என்று சிரித்தாள். மூன்றாம் முறை அவள் சிரிக்கவில்லை.

மருந்தைத் திறந்தேன்.

அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் இந்தப் பக்கம் கதவில் கைவைத்தபடியே நின்றிருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூடப்பிறந்தவளை அந்த நிலைமையில் தனியாக விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை நான்.