மலை டீமுக்கு ஏழு மணி

கோச்: ...மறுபடியும் ஏழு மணியா சார்?

செயலாளர்: கதவைத் தட்டிட்டு வரலாமே மேடம்.

கோச்: தொறந்துதான கெடக்கு. இந்தாங்க, உங்க அட்டவணை. சனிக்கிழமை, பொண்ணுங்க புட்பால், முதல் ஆட்டம். மலையிலேர்ந்து இறங்கி வர்ற ஒரே டீம் எங்களுது.

செயலாளர்: பன்னெண்டு டீம்ல யாராவது முதல்ல ஆடித்தானே ஆகணும்?

கோச்: ஆடலாம். மைதானத்துக்கு அடுத்த தெரு டீமுக்குப் பதினோரு மணி. செருப்பு மாட்டுற நேரத்துல வந்துடுவாங்க. எங்களுக்கு வேன்ல மூணரை மணி நேரம்...

செயலாளர்: தெரியும்...

கோச்: என்ன தெரியும்? நாப்பது வளைவு. போன வருஷம் எங்க கோல்கீப்பர் வழியெல்லாம் வாந்தி. இறங்கின கையோட க்ளவுஸ மாட்டிக்கிட்டு நின்னா. அஞ்சு கோல்.

செயலாளர்: அஞ்சுக்கும் நான்தான் பொறுப்பா?

கோச்: சிரிக்காதீங்க.

செயலாளர்: சிரிக்கல. ஒரு நிமிஷம், போன்... ஹலோ... ஆமாங்க, நடுவர் ரெண்டு பேர்... அப்புறம் கூப்பிடுறேன். சொல்லுங்க. முந்தின நாளே வந்து தங்கலாமே?

கோச்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பரீட்சை.

செயலாளர்: குலுக்கல்ல விழுந்தது மேடம். என் கைல என்ன இருக்கு?

கோச்: மூணு வருஷமா குலுக்கல் எங்களையே தேடி வருதா?

செயலாளர்: அது... அப்படி அமைஞ்சுடுது.

கோச்: கதவைச் சாத்துறேன்.

செயலாளர்: வேணாம், வெளியில ஆளுங்க...

கோச்: சாத்தியாச்சு. இப்பச் சொல்லுடா.

செயலாளர்: ...அக்கா, மெதுவா.

கோச்: பரவாயில்லையே, அக்கான்னு கூப்பிட வருது! எங்க டீம் பேர் எழுதின சீட்டு எங்க? காட்டு.

செயலாளர்: கிழிச்சுப் போட்டாச்சு.

கோச்: பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். இப்பவும் அப்படித்தான்.

செயலாளர்: ...உங்க பேரைக் குலுக்கல்ல போடவே இல்ல. நானே எழுதினேன்.

கோச்: ஏன்டா?

செயலாளர்: நான் செயலாளரான முதல் வருஷம், இந்த மூணு வருஷத்துக்கு முன்னாடி, உனக்கு நல்ல நேரம் வந்துது. நிஜமாவே குலுக்கல்ல. "அக்காவுக்குப் பாத்துப் போட்டுட்டான்"னு என் காதுபடவே பேசினாங்க. அதுலேர்ந்து... யாரும் வாயத் திறக்கக் கூடாதுன்னு...

கோச்: உனக்கு நல்ல பேர் வர, என் பொண்ணுங்க வாந்தி எடுக்கணுமா?

செயலாளர்: அக்கா...

கோச்: "மிஸ், நாம என்ன தப்பு பண்ணினோம்?"னு கேக்குதுங்க. என்னத்தச் சொல்ல?

செயலாளர்: இப்ப மாத்தினா தொலைஞ்சேன். நீ உள்ள வந்ததை எல்லாரும் பாத்தாச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா...

கோச்: பாதிப் பொண்ணுங்களுக்கு இதுதான் கடைசி வருஷம். வயசு தாண்டிடும்.

செயலாளர்: நான் என்னதான் பண்ணட்டும்? நீ கோச்சா இருக்குற வரைக்கும், எந்த நேரம் போட்டாலும் ஒரு பேச்சு...

கோச்: அதான் வந்தேன். இந்தக் கவரைப் பிரி.

செயலாளர்: என்ன இது... கோச் பொறுப்புலேர்ந்து விலகுறியா? நேத்துத் தேதி போட்டிருக்கு. அக்கா... பள்ளிக்கூடத்துல ஒத்துக்கிட்டாங்களா?

கோச்: கையெழுத்தே போட்டாச்சு. சனிக்கிழமை வேற டீச்சர் கூட்டிட்டு வருவாங்க. இனிமே அது உன் அக்கா டீம் இல்லடா... தூரத்துலேர்ந்து வர்ற பதினாலு பொண்ணுங்க. அதைப் பாத்து நேரம் போடு.