மேல்தாடையும் கீழ்த்தாடையும்

மலைக்காற்று எனக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளும், ஐயா. கல்லூரி விடுமுறை விட்டால் சோளக்காடு என்கிற மலையூருக்கு மேலே இருக்கும் அந்த வாடகை பங்களாவுக்கு வந்துவிடுவேன். இந்தமுறை அப்பாசாமியையும் கூட்டிவந்தேன். என் பழைய மாணவன், இப்போது என் கல்லூரியிலேயே உதவியாசிரியன். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் நான் எடுத்த மீன் பற்களை வகை பிரிக்கிற வேலை.

அந்த மீன்கள் பூண்டற்றுப்போய்க் கோடிக்கணக்கான வருஷமாகிறது. துடுப்பில் கதிர்கதிராக முள் விரிந்த கூட்டத்தைச் சேர்ந்தவை. சிப்பியை நொறுக்கித் தின்பவை. பல் மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். என்னிடம் பல் பதிந்த இரண்டு எலும்புத் துண்டுகள் இருந்தன. பல்வரிசை வேறுவேறாக இருந்ததால் இரண்டு புது மீன்கள் என்று பெயர் சூட்டினேன். லண்டனில் அச்சாயிற்று. நாலு பேர் என்னை மதிப்பது அதற்காகத்தான்.

ஒருநாள் காலை, அப்பாசாமி மேடான துண்டைக் குழிவான துண்டின்மேல் வைத்தான். பொருந்திவிட்டது.

"சார், இது மேல்தாடை, அது கீழ்த்தாடை. ஒரே மீன். அதுவும் சீமையில முன்னமே பேர் வெச்ச பிக்னோடஸ்தான்." என் முகத்தைப் பார்த்தவன், "நீங்களே திருத்தி எழுதிடுங்க சார், என் பேரே வேண்டாம்" என்றான். நல்ல பிள்ளை.

மறுநாள் அவனுக்குக் குளிர்ஜுரம் கண்டது. இந்த மலையில் அது புதிதில்லை. முதலில் கொயினா மாத்திரை கொடுத்தேன். ஜுரம் இறங்கத் தொடங்கியது. புட்டியை என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சமையலுக்கு வந்த அத்தாயி, "ஏனுங்க சாமி, அந்தக் கசப்பு மாத்தர இல்லீங்களா?" என்றாள்.

"தீர்ந்துவிட்டது."

அவள் புருஷன் செங்கோடன், "தூளி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கிட்டுப் போயர்றேனுங்க" என்றான். உடம்பு குலுங்கினால் உயிருக்கு ஆபத்து என்றேன். படித்தவன் சொல்லும்போது அவர்கள் என்ன செய்வார்கள்? அத்தாயி துணியை நனைத்து நனைத்து அவன் நெற்றியில் போட்டாள். அப்பாசாமி என் கையைப் பற்றிக்கொண்டு, "உங்களுக்குத் தொந்தரவா இருக்கேன் சார்" என்றான். கையை விடுவித்துக்கொள்ள மனம் வரவில்லை. கடைசிவரை பக்கத்திலேயே இருந்தேன். பிழைத்து எழுந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்பது என்ன நிச்சயம்? எனக்கும் வேறு வழி தெரியவில்லை, ஐயா.

அவனைத் தகனம் செய்தபோது அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

பிறகு அத்தாயி அதே ஜுரத்தில் விழுந்தாள். பெட்டியைத் திறந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டவள் புட்டியையே பார்த்தாள்.

"இது அன்னைக்கே இருந்துச்சுங்களா, சாமி?"

செங்கோடனும் நின்றுகொண்டிருந்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.