குதிரைமசால் வாசனை

ரொட்டியின் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. விசாரணை அதிகாரி ஐயா, சத்தியம் முடிந்ததும் அந்த ரொட்டியை நீங்கள் சாப்பிடலாம். எள் தூவியது, வீணாக்கக் கூடாது.

என் பெயர் எஷ்முராத். தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் சிர்சிக் ஊரில் எங்கள் ஆலையின் விஷவாயுப் பிரிவுக்கு நான்தான் மூத்தவன். பாஸ்ஜீன் என்ற அந்த வாயுவை வைத்துத்தான் பிளாஸ்டிக்குக்கு வேண்டிய சரக்கைத் தயாரிக்கிறோம். அது கசிந்தால் புதிதாக அறுத்த புல்லின் வாசனை வரும். பிரிவில் அபாய மணி ஒன்று உண்டு. ஆனால் ஆட்கள் நம்புவது என் மூக்கை. போன இலையுதிர் காலத்தில் தாஷ்கண்டிலிருந்து ஒரு மேலதிகாரி வந்தார். அவர் கார் டிக்கியில் பூட்டி வைத்திருந்த முலாம்பழம் கனிந்துவிட்டது என்று நான் உள்ளே உட்கார்ந்தபடியே சொன்னேன். அறுத்துப் பார்த்துவிட்டு எனக்கும் பாதி கொடுத்தார். அந்தப் பருவத்தில் கனியாத பழம் ஏது என்று அவர் யோசிக்கவில்லை.

பனிக்காலத்தில் ஜுல்ஹுமோர் என்ற ஆராய்ச்சிப் பெண் ஒரு ஜாடி நிறைய மஞ்சள் நிறத் தூளோடு வந்தாள். வினையூக்கியாம். உலோகத்தையும் கரிமப் பொருளையும் சாரம் கட்டுவதுபோலக் கோத்துச் செய்தது, உள்ளே எல்லாம் வெற்று அறைகள்.

"ஒரு கரண்டித் தூளுக்குள்ள ஒரு கால்பந்து மைதானமே அடங்கும், சித்தப்பா."

"கோல்கீப்பர் எங்கம்மா நிப்பான்?"

சிரித்தாள். நல்ல பெண். "அந்த அறைகள்ல கரியமிலவாயுவை விட்டு வேலை வாங்கினா, விஷவாயு இல்லாமலே அதே சரக்கு வந்துடும். உங்க பிரிவையே மூடிடலாம்" என்றாள். நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

என்னோடு வால்வுகளைப் பார்க்கிற ஸஃபருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஜுல்ஹுமோருக்கு உலர்ந்த ஆப்ரிகாட் கொண்டுவந்து கொடுத்தான். என்னிடம் வம்புக்கு வந்தான்.

"அண்ணே, இனி உங்க மூக்குக்கு ஓய்வு. வீட்ல அண்ணியோட அடுப்புக்குக் காவல் இருங்க. போன வாரம் பால் தீஞ்சு தெருவே நாறுச்சு, நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களாமே?"

"யோசனையில இருந்தேன்டா."

யோசனைதான். இப்படியொரு மூக்கை மூலையில் உட்கார வைப்பது நாட்டுக்கே நஷ்டம் இல்லையா?

தூளைச் சூடாக்கி, உள்ளேயிருந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்து, ஜாடியை இறுக மூடி வைத்திருந்தாள். ஈரம் பட்டால் இந்த ஜாதித் தூளின் சாரம் சரிந்துவிடும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். வியாழக்கிழமை எல்லோரும் புலாவு சாப்பிடப் போனார்கள். நான் தேநீர்க் கெண்டியோடு அவள் அறைக்குப் போனேன். வந்தவர்களுக்குத் தேநீர் தராமல் இருப்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, வழக்கப்படி மூன்று முறை கெண்டிக்கே திருப்பினேன். அது ஊறுகிற வரைக்கும் திறந்த ஜாடியை ஆவியில் காட்டினேன். பிறகு மூடிவிட்டேன். தேநீர் நன்றாக வந்திருந்தது.

சோதனையில் ஒன்றும் தேறவில்லை. "உள்ளே கட்டடமே இடிஞ்சு போச்சு, சித்தப்பா. எங்க தப்பு பண்ணினேன்னே தெரியல" என்று அழுதாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். விஷவாயு எங்களோடேயே தங்கியது.

மே மாதம், கால்வாய்க்கு அந்தப் பக்கம் குதிரைமசால் தீவனப்புல் அறுப்பு. ஒரு நாள் மதியம் அபாய மணி அடித்தது. நான் அணைத்தேன். மணிக்குத் தப்பாக அடிக்கிற பழக்கம் உண்டு.

ஸஃபர் முகமூடியைப் பாதி மாட்டியபடி நின்றான். "அண்ணே, புல்லு வாசனை அடிக்குதே."

"அறுப்புக் காலத்துல புல்லு வாசனை வராம ரோஜா வாசனையா வரும்? இங்க ஒண்ணும் இல்லடா. நான் மோந்து பாத்துட்டேன்."

"நீங்க சொன்னா சரிதான்" என்று முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். குழாய் மூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேலையை முடித்தான். நான் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். கொஞ்சம் இருமினான், அவ்வளவுதான். சாயங்காலம் கிளம்பும்போது, பிள்ளைக்கு என் மூக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று கிண்டல் செய்துவிட்டுப் போனான். பாஸ்ஜீன் பொறுமைசாலி. ஆளை வீட்டுக்குப் போக விடும், சாப்பிட விடும், படுக்க விடும். அப்புறம்தான் நுரையீரலில் நீர் கட்டும். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

தூளைக் கெடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஸஃபர் சாவுக்கு நான் பொறுப்பில்லை. அன்று அந்த அறையில் எந்த வாசனையும் இல்லை. இந்த ரொட்டியின் மேல் சத்தியம்.

மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிந்ததில்லை.