காயாத பட்டன்கள்

கீபோர்டைக் கழுவுவதற்கு முன்னால் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஆகாது. இது படிக்காதவனுக்கும் தெரியும். நானும் பிடுங்கிவிட்டுத்தான் ஆரம்பித்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

உங்கள் மேசையில் இருப்பதை ஒரு தடவை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். விழுவதைப் பார்த்தால் மத்தியானச் சாப்பாடு இறங்காது. அப்படியிருக்க, வாய் கோணி எச்சில் வடிந்துகொண்டே இருக்கும் ஒருத்தியின் மடியில் கிடந்த கீபோர்டு எப்படி இருந்திருக்கும்?

என் மனைவிக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. கையும் காலும் போயின. மிஞ்சியது இடது கையில் ஒரு விரல். அவள் ஆபீசில் டைப் அடித்தவள். நான் டிப்போவில் பஸ் கழுவியவன். கல்யாணமான நாள் முதல் அவள் சொல்வாள், நான் கேட்பேன். வாய் போனதும் வீடு அமைதியாகும் என்று நினைத்தேன். வெளியூரில் இருக்கும் மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் இங்கே ஒற்றை விரலால் தட்டினால், அங்கே அவன் போனில் எழுத்தாக வந்து நிற்குமாம். எனக்கு எழுத்துத் தெரியாது. என் கண் முன்னாலேயே என்னைப் பற்றி ஒருத்தி கோள் மூட்டினால்கூட நான் சுவர் மாதிரி நிற்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் வாந்தி, மூத்திரம், சீட்டுக்கடியில் ஒட்டிய எச்சில் மிட்டாய் எல்லாம் கழுவியிருக்கிறேன். அது ஊரார் அழுக்கு. கழுவினால் வண்டி கிளம்பிப் போய்விடும். வீட்டு அழுக்கு எங்கும் போகாது. கட்டிலிலேயே கிடந்து நாறும்.

அவளைத் துடைத்துத் துணி மாற்ற ஒரு பெண் வருவாள். வாய்த் துடுக்கு. "ஊரு பஸ்ஸெல்லாம் கழுவின கை, பெண்டாட்டி துணியத் தொட்டா தேஞ்சா போயிடும், பெரியவரே?" என்பாள். மகளுக்குப் பிரசவம் என்று லீவு கேட்டாள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். தெரியாதவர்களை உள்ளே விட்டால் டம்ளர்கூட மிஞ்சாது.

பிறகு எல்லாம் என் தலையில். ஈரத் துணியை இரண்டு விரலால் தூக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குக் கொண்டுபோனேன். யோசித்துப் பார்த்தேன். டேங்க்கில் ஊற்றினால்தானே குழாய் ஒழுகும். தண்ணீரைக் குறைத்தேன். கஞ்சியிலும் தண்ணீர் இருக்கிறதே என்று பிறகு அதையும் குறைத்தேன்.

மகன் போன் செய்தான்.

"அப்பா, அம்மா தண்ணி கேக்கறாங்களாமே. குடுக்கலையா?"

"இப்பத்தானடா குடுத்தேன்."

"நாக்கு ஒட்டிக்குதுன்னு எழுதியிருக்காங்க."

"உங்கம்மாவுக்குச் சமுத்திரத்தையே குடுத்தாலும் பத்தாது. நீ உன் வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தது. அப்போதுதான் அது எவ்வளவு அழுக்கு என்பது என் கண்ணில் பட்டது.

கரண்டிக் காம்பால் பட்டன்களை நெம்பி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. காய்ந்த கஞ்சி, நரைமுடி, தோல் செதில், மாத்திரைத் தூள், செத்த எறும்பு. எல்லாம் எச்சிலில் ஊறி மஞ்சள் பிசினாகப் பிடித்திருந்தது. ஊசிப்போன பால் நாற்றம். வாளியைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். தண்ணீரைப் பல தடவை மாற்றினேன். வாளியில் தண்ணீர் விழும்போதெல்லாம் அவள் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. என் வேலையை அவ்வளவு கவனமாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மாவிடமிருந்து எதுவும் வரவில்லையே என்று மகன் மறுபடி கூப்பிட்டான். கழுவிக் காயப்போட்டிருக்கிறேன் என்றேன்.

"அட, பரவாயில்லையே! நல்லா காயட்டும்ப்பா. ஈரத்தோட மாட்டினா கெட்டுடும்."

படித்தவன் சொன்னது. போனை அவள் காதில் வைக்கச் சொன்னான். "கொஞ்சம் பொறுத்துக்கோங்கம்மா, அப்பா உங்களுக்காக ஆசையா சுத்தம் பண்றாரு," என்று அதில் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெயில் நன்றாகத்தான் அடித்தது. கொடியில் போட்ட துணி மொடமொடவென்று காய்ந்தது. ஆனால் பட்டனுக்குள் ஈரம் நிற்கும். நம்ப முடியாது. துண்டில் பரப்பி, நாள்தோறும் திருப்பிப் போட்டேன். கட்டில் துணியும் ஈரமில்லாமல் கிடந்தது. வீட்டில் நாற்றம் இல்லை. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

லீவு முடிந்து அந்தப் பெண் வந்தாள். "ஐயோ, உதடு பாளம் பாளமா வெடிச்சிருக்கே! பாவி மனுஷா, என்ன பண்ணி வச்சிருக்கே?" என்று கத்தினாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து வாயில் பிழிந்தாள். அது உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்தது. சாயங்காலத்துக்குள் மனைவி போய்விட்டாள். மற்றதை அந்தப் பெண்ணே உங்களிடம் சொல்லியிருப்பாள்.

கீபோர்டு போன பிறகு மனைவி என்ன கேட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் கைநாட்டு என்று உங்களிடம் முதலில் சொன்னேன். கைநாட்டு என்பது உண்மைதான். ஆனால் கீபோர்டு இல்லாத போர்வையின் மேல் அவள் விரல் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஒரு தட்டு, இழுத்து ஓரத்தில் ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே. மகனைக் கேட்டால் விரல் வேறு வழியில் போகும். வலி என்றால் வேறு வழி. இது தண்ணீர். கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வழியைத் தினமும் பார்த்தவன் நான். படிக்காதவன் படித்த ஒரே சொல் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டேதான் பட்டன்களைத் திருப்பிப் போட்டேன்.

கீபோர்டு பீரோ மேல் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. அவளைத் தூக்கிப் போன அன்றைக்குத்தான், ஐயா, பட்டன்கள் நன்றாகக் காய்ந்தன. உடனே மாட்டிவிட்டேன்.