வெள்ளைப் பூ வந்தால் ஒர்க்‌ஷாப்

காப்பியைக் குடியுங்கள் ஐயா, ஆறிவிடும். விஜயா போட்டால் சீனி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், எனக்கு அப்படியே பழகிவிட்டது. அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நாம் தாராளமாகப் பேசலாம்.

அவள் புருஷன் பொன்னுதுரை கோலாலம்பூர் போகிற வழியில் மந்தின் மலை வளைவில் கார் உருண்டு செத்துப்போனதைக் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள்? கேளுங்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நான் டாக்ஸி ஓட்டுகிறவன். இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் மாணிக்கவாசகம் என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். நம்பி ஏறலாம் என்றும் சொல்வார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். விஜயா அப்போது விவரம் தெரியாத பிள்ளை. மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தால் மாவுப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாரை நான் மெல்லுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த நாளில் எல்லார் வீட்டிலும் அதுதான் கதை. பிறகு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களைச் சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். வருகிறவள் விஜயாவை எப்படி நடத்துவாளோ, யார் கண்டது?

பொன்னுதுரை நல்ல மனுஷர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். டவுனில் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை. பெண் கேட்டு வந்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். "அதுக்கென்ன மச்சான், இருந்துட்டாப் போச்சு," என்றார். சொன்னபடி இருந்தார். சாயங்காலமானால் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்றதும் வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள் நம் ஆட்களுக்கு வந்தன. கோலாலம்பூரில் ஒன்று பொன்னுதுரைக்கு வந்தது. ஊரே கொண்டாடுகிறபோது நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா? கை குலுக்கினேன். அன்றைக்கு விஜயா பாடிக்கொண்டே துணி காயப்போட்டாள். என் தங்கைக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர் முன்னால் போய் வீடு பார்ப்பார், இவள் அடுத்த மாதம் போவாள் என்று பேச்சு. ஆசையில் அப்போதே சாமான் கட்ட ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்தால் அலமாரி காலியாக இருக்கிறது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னச் சட்டி மட்டும் மிச்சம். "ஒங்க ஒருத்தருக்கு இது போதும்தானே அண்ணே?" என்றாள். பாசமாகத்தான் கேட்டாள். போதும் என்றேன். அந்த ஒற்றைத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். பாதியிலேயே எழுந்து கையைக் கழுவினேன். பயமாக இருந்தது ஐயா. இந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை சொல்லக் கூடாது, ஆனாலும் பயம்தான்.

கார் பொன்னுதுரையுடையது. புது உத்தியோகத்துக்கென்று வாங்கிய புதுக் கார். நான்தான் ஓட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வேலையில் சேர வேண்டிய வாரத்துக்குச் சற்று முன்னால், ஒர்க்‌ஷாப் தலைமை மெக்கானிக் ஆ லியோங் டாக்ஸி ஸ்டாண்டுக்கு என்னைத் தேடி வந்தான். அந்த மாடல் கார்களையெல்லாம் கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறதாம். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் மூட்டில் கோளாறு, புதிது மாற்றித் தருவார்களாம். சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், கார் ஒரு வாரமாவது நிற்கும் என்றான். கிளம்பிப் போனவன் திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னான். அவன் மலாயில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். "அண்ணே, டவுனுக்குள்ள மெதுவா ஓட்டுனா பரவாயில்ல. மலைப் பக்கம் மட்டும் வேணாம். வளைவுல அது ஒடைஞ்சா ஸ்டியரிங் சும்மா சுத்தும்." வெறும் காற்றில் இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பெனி ஏதோ மூட்டு மாற்றக் கூப்பிடுகிறது, ஒரு வாரம் பிடிக்கும் என்றேன். மலைப் பேச்சை எடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

"மாத்திருவோம் மச்சான். சும்மாதானே தர்றான்? நான் பஸ்ஸ புடிச்சுப் போய் சேந்துக்கறேன்," என்றார் பொன்னுதுரை.

விஜயாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெரிய வேலைக்குப் போறவரு மொத நாளே மூட்டைய தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா போய் எறங்குறது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? அண்ணே, நீங்க சொல்லுங்க. வண்டியப் பத்தி ஒங்களுக்குத்தானே தெரியும்?"

என்னை ஏன் இழுத்தாள்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பஸ் ஏறியிருப்பார். கார் சரியாகி வந்திருக்கும், அடுத்த மாதம் இவளும் போயிருப்பாள். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. போய் வா என்றும் சொல்ல முடியவில்லை, போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. "எதுக்கு வாக்குவாதம்? அம்மன்கிட்ட பூ வெச்சுக் கேட்ருவோம்," என்றேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒரே மாதிரிக் கட்டி மாரியம்மன் காலடியில் வைப்போம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். விஜயாவை இவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோதும் அப்படித்தான் கேட்டோம். வெள்ளை வந்தது.

பொன்னுதுரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயையோ மச்சான், அம்மனுக்கு ஸ்டியரிங்கப் பத்தி என்னா தெரியும்?" விஜயா அவர் முதுகில் ஒன்று போட்டாள். "வாயக் கழுவுங்க மொதல்ல. நீங்கதான் எடுக்கணும்." மனைவி சொன்னதற்காக வந்தார், பாவம்.

பொட்டலம் கட்டுவது எப்போதும் என் வேலைதான். பூவுக்கு, மலாய் பேசுகிற செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் காமாட்சி வீட்டு வேலி இருக்கிறது. பறித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வெள்ளை வந்தால் ஒர்க்‌ஷாப், சிவப்பு வந்தால் காரிலேயே பயணம் என்று விஜயா சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். பூசாரி பொட்டலங்களை வைத்தார். பொன்னுதுரை கண்ணை மூடிக்கொண்டு கையை அங்கே கொண்டுபோனார், இங்கே கொண்டுபோனார், கடைசியில் இடப்பக்கத்தை எடுத்தார். பிரித்தால் செம்பருத்தி. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

"பாத்தீங்களா, அவளே சொல்லிட்டா," என்றாள் விஜயா. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கிற வழக்கமில்லை. நான் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன்.

புறப்பட்ட அன்று டயருக்குக் காற்றுப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றினேன், கண்ணாடி துடைத்தேன். விஜயா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். "மெதுவாப் போங்க மாப்ளே," என்று கதவைச் சாத்தினேன். மனசாரச் சொன்னேன் ஐயா. கார் முனை வரைக்கும் போய் நின்றுவிட்டது, எதிரே ஒரு மாட்டுவண்டி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் மாட்டோடு மல்லுக்கட்டுகிறான், கார் நிற்கிறது. நான் நடந்தே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம், அவ்வளவு நேரம் நின்றது. போகவில்லை. பொன்னுதுரை கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம் மாடு நகர்ந்துவிட்டது.

மீதி உங்களுக்கே தெரியும். உடம்பைக் கொண்டுவரப் போனவன் நான்தான். கொள்ளி வைத்தவனும் நான்தான், அவருக்கு வேறு யார் இருந்தார்கள்?

விஜயா அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. "அவள நம்பிப் போனோமே அண்ணே, கழுத்தறுத்துட்டாளே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மனை அப்படிப் பேசாதே என்று கண்டித்தேன். கொஞ்ச நாளில் மூட்டைகளைப் பிரித்தாள். தட்டெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. இப்போது அவள் பாடுவதில்லை. நான் வருகிற வரைக்கும் சாப்பிடாமல் காத்திருக்கிறாள்.

காமாட்சியை விசாரித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். அவள் பொய் சொல்ல மாட்டாள். அன்று காலை அவள் வேலியில் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. ஏன் சிவப்பை மட்டும் பறிக்கிறாய் என்று அவள் மலாயில் கேட்டது நிஜம். வெள்ளை வீட்டில் இருக்கிறது என்று நான் சொன்னதும் நிஜம்.

வீட்டில் வெள்ளைப் பூ கிடையாது ஐயா. இரண்டு பொட்டலத்திலும் செம்பருத்திதான் கட்டினேன். ஆனால் எடுத்தது அவர் கை. எந்தப் பொட்டலத்தை எடுப்பார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

பாத்திரச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது, இல்லையா? சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், நீங்கள் கையைப் பிடிக்க வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் விஜயாவுக்குத் துணைக்கு யாரையாவது வரச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்குத் தனியாக இருக்கப் பயம்.