காவேரிப்பாக்கத்தில் பெட்ரோல்

— முனீர் பாய், நாற்காலிய கொஞ்சம் ஓரமா போட்டுக்க. வண்டி உள்ள வரணும்.

— இன்னா வண்டி, வாத்யாரே? நீ சைக்கிள வித்தே எவ்ளோ நாளாச்சு.

— ஜெமி வர்றான்.

— உன் புள்ளயா? ரெண்டு வருஷமா பேசாதவன், ஃபோன் பண்ணானா?

— ஃபோன்லாம் இல்ல. காவேரிப்பாக்கத்துல பெட்ரோல் போட்டிருக்கான். மெட்ராஸ்லர்ந்து பெங்களூர் திரும்பறான் போல, நம்ம ஊரு வழியாத்தான் போவணும். இந்தா, மெசேஜைப் பாரு.

— அவன் பெட்ரோல் போட்டா உனக்கு ஏன் மெசேஜ் வருது?

— அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கிரெடிட் கார்டு கம்பெனிலர்ந்து ஒரு பொண்ணு பேசுச்சு. என் கார்டோட இன்னொரு ஆட்-ஆன் கார்டு ஃப்ரீன்னுச்சு. அவன் பேருக்கு வாங்கிக் குடுத்தேன். அவன் எங்க தேய்ச்சாலும் மெசேஜ் எனக்கு வரும். பில்லும் எனக்குத்தான்.

— நல்லாருக்கு. கல்யாணத்த சர்ச்சுல வெக்காம சோளிங்கர் மலைக் கோயில்ல வெச்சான்னு நீ போவல, அதனால பேச மாட்டான். உன் பென்ஷன்ல பெட்ரோல் மட்டும் போடுவான்.

— அந்த ஒண்ணுதான் எங்கிட்டர்ந்து இன்னும் வாங்கிக்கறான், பாய்.

— உன் கண்ணாடியக் குடு. பில்லு எங்க?

— டீவி மேல. எதுக்கு இப்ப அது?

— இன்னா வாத்யாரே இது? ஆட்-ஆன் கார்டு மொத வருஷம்தான் ஃப்ரீ. அப்புறம் வருஷா வருஷம் புடிக்கறான். மெசேஜுக்குத் தனியா மாசாமாசம். கார்டு தொலைஞ்சா பாதுகாப்புன்னு ஒண்ணு. இது இன்னா, விபத்துக் காப்பீடு? எல்லாத்துக்கும் சரின்னியா?

— அந்தப் பொண்ணு, சார் சாப்டீங்களான்னு கேட்டுட்டுதான் பேச்ச ஆரம்பிக்கும். வேணாம்னு சொல்ல வாய் வரல.

— பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவன் நீ. தோல் கம்பெனில நாங்க மேல இருக்கற பளபளப்ப நம்ப மாட்டோம், திருப்பிப் போட்டுப் பாத்துட்டுதான் எடுப்போம். நீ இந்தக் காயிதத்தத் திருப்பக்கூட இல்ல. ஃபோனக் குடு, எல்லாத்தையும் இப்பவே நிறுத்தறேன்.

— அது மட்டும் வேணாம். போன மாசம் ஒரு நாள் மருந்துக்கடைன்னு மெசேஜ் வந்துச்சு. எனக்கு சோறு எறங்கல. அடுத்த வாரம் சினிமா டிக்கெட்னு வந்தப்பறம்தான், சரி, ஒடம்பு நல்லாருக்குன்னு தெரிஞ்சுது. இந்த வீட்ல நான் ஒத்த ஆளு, பாய். அந்த மெசேஜ் சத்தம் கேட்டா யாரோ கூப்புட்ட மாதிரி இருக்கு.

— சரி, விடு. உள்ள மீன் வாசன வருதே.

— வஞ்சரம். அவனுக்குப் புடிக்கும்னு வறுத்து வெச்சிருக்கேன்.

— பெட்ரோல் போட்டது எப்ப?

— பதினோரு மணி.

— இப்ப ஒண்ணரை. காவேரிப்பாக்கத்துலர்ந்து நம்ம சத்துவாச்சாரி வர இவ்ளோ நேரமா?

— ரோடு அகலப்படுத்தறாங்கல்ல. வழியெல்லாம் மண்ணு கொட்டி வெச்சிருக்கான். லேட் ஆவும்.

— வாத்யாரே, உன் ஃபோன் கத்துது.

— கண்ணாடி உங்கிட்டதான இருக்கு. நீயே படி. பேக்கரின்னு போட்டிருக்கா? வெறுங்கையோட வர மாட்டான், கேக்கு ஏதாவது வாங்குவான்.

— பேக்கரி இல்ல, வாத்யாரே.

— இன்னா பாய், படி.

— ஓட்டல். ஆம்பூர்.

— ஆம்பூர் நம்மளத் தாண்டியில்ல இருக்கு.

— ஆமா. தாண்டிப் போய்ட்டான்.

— இந்தத் தெரு முனைலதான் ஹைவே. அந்தப் பக்கமாதான் போயிருப்பான்.

— எழுந்திரு. உள்ள போலாம். எனக்கு மீனு போடு, நான் சாப்புடறேன். எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கறேன், வீட்ல சோறு வேணாம்னு.

— பில்லுக்குப் பின்னால கம்பெனி நம்பர் இருக்கும். போடு.

— இப்பதான் புத்தி வந்துச்சு. எத நிறுத்தச் சொல்லணும்? மெசேஜா, காப்பீடா?

— அதெல்லாம் இருக்கட்டும். அவன் கார்ட நிறுத்து. இனிமே எந்தக் கடைல நீட்டினாலும் ஓடக் கூடாது. அப்ப எனக்கு ஃபோன் பண்ணித்தான ஆவணும்.